எண்ணிக்கைக்கும் சீர்மைக்கும் இடையே: அழுத்தச் சீராக்கி கொண்ட காற்றுத் துப்பாக்கி கற்பிக்கும் பாடம்

ஒரு முறை காற்று நிரப்பினால் எத்தனை முறை சுடலாம் என்பதே இன்று காற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் ஒருவரை ஒருவர் கேட்கும் முதற் கேள்வியாகிவிட்டது. நூறு என்கிறார் ஒருவர். நூற்றைம்பது என்கிறார் மற்றொருவர். இருநூறு என்று மூன்றாமவர் சொன்னதும் முதலிருவரும் வாயடைத்துப் போகின்றனர். எவ்வளவு கொள்ளளவுள்ள கலத்திலிருந்து, எந்த அழுத்தத்தில் தொடங்கி எதில் முடித்து, எவ்வளவு எடையுள்ள குண்டை எந்த வேகத்தில் செலுத்தி, எவ்வளவு வேக வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு அந்த இருநூறு எட்டப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. அலகும் பிழை எல்லையும் இல்லாத எண்ணை எந்த ஆய்வுக்கூடமும் ஏற்காது. ஆனால் இந்தியாவின் பொறியியல், இயற்பியல் மாணவர்கள் பலர், தம் ஆய்வுக்கூடத்தில் ஒருபோதும் எழுதத் துணியாத வகையான எண்ணைத் துப்பாக்கி விஷயத்தில் மட்டும் தயக்கமின்றிச் சொல்கின்றனர். இந்த முரண்பாடு களையப்பட வேண்டும். களைவதற்குரிய அறிவு முழுவதும் பட்டப்படிப்பின் முதலிரண்டு ஆண்டுப் பாடத்திலேயே இருக்கிறது.

இந்தக் கேள்வி புதியதன்று. 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கியின் காற்றுக் கலத்தை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை கைப்பம்பை அடிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தவை பயனுள்ள 30 சுடுகைகள் மட்டுமே. ஒவ்வொரு சுடுகைக்குப் பின்னும் கலத்தின் அழுத்தம் இறங்கியது. அதனுடன் குண்டின் வேகமும் இறங்கியது. முதற் குண்டும் முப்பதாம் குண்டும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாத அளவுக்கு அவற்றின் பாய்ச்சல் வேறுபட்டிருக்கும். இந்த இறக்கத்தைத் தடுக்க வந்ததே அழுத்தச் சீராக்கி.

சீராக்கியின் வேலை எளியது. முதன்மைக் கலத்தில் 200 பார் இருந்தாலும் 120 பார் இருந்தாலும், வால்வுக்கு முன்னுள்ள சிற்றறையில் அது 100 பார், 85 பார் என்று குறித்து வைத்த ஓர் அழுத்தத்தை மட்டுமே அனுமதிக்கும். கிண்ண வடிவ வில்வட்டுகளின் அடுக்கு ஒரு சிறு பிஸ்டனைத் தள்ளி வழியைத் திறந்து வைத்திருக்கிறது. சிற்றறையின் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் அதே அழுத்தம் அந்தப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி வழியை மூடுகிறது. விசையை இழுக்கும்போது சுத்தியல் பாய்ந்து வால்வின் தண்டை அடிக்கிறது. வால்வு சில நொடிப்பின்னங்கள் திறந்து மூடுகிறது. அந்த நேரத்தில் வெளியேறும் காற்றே குண்டைத் தள்ளுகிறது. ஆகவே ஒரு சுடுகைக்குச் செலவாகும் காற்றை இரண்டு காரணிகள் முடிவு செய்கின்றன: சிற்றறையின் அழுத்தம், வால்வு திறந்திருக்கும் கால அளவு. முதலாவது சீராக்கியின் கையில் இருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் சுத்தியல் வில்லின் இறுக்கத்தின் கையில் இருக்கிறது.

சுடுகை எண்ணிக்கையைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு. கலத்தைப் பெரிதாக்கலாம், நிரப்பும் அழுத்தத்தை உயர்த்தலாம், செலவைக் குறைக்கலாம். முதல் வழியில் எடை கூடும். பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கிக்கு 5.5 கிலோகிராம் என்ற உச்ச வரம்பு இருப்பதால் அங்கே அந்த வழி விரைவில் அடைபட்டுவிடும். இரண்டாம் வழி பலரையும் மயக்குவது. 200 பாருக்கு உரிய இடத்தில் 300 பார் நிரப்பினால் ஒன்றரை மடங்கு காற்று கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் காற்று நல்லியல்பு வாயுவாக நடந்துகொள்வதில்லை. அமுக்கக் காரணி 200 பாரில் ஏறத்தாழ 1.03 என்றும் 300 பாரில் ஏறத்தாழ 1.11 என்றும் இருப்பதால், உண்மையில் கிடைப்பது 1.4 மடங்கே. கலத்தின் சுவர் மட்டும் முழு ஒன்றரை மடங்கு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். விலை முழுதாகக் கொடுக்கப்படுகிறது. பொருள் குறைவாகக் கிடைக்கிறது. கலம் எந்த அழுத்தத்துக்கென்று வடிவமைக்கப்பட்டதோ அதைக் கடந்து நிரப்புவது இந்தக் கணக்குக்கு அப்பாற்பட்ட குற்றம், அது பின்னர்.

மூன்றாம் வழியாகிய செலவுக் குறைப்பே அறிவுக்குரிய வழி. அதன் கணக்கை எடுத்துக்காட்டு எண்களால் விளக்கலாம். 200 மில்லிலிட்டர் கலம், 200 பார் நிரப்பு, 100 பாரில் வைத்த சீராக்கி, 0.54 கிராம் குண்டு, நொடிக்கு 243 மீட்டர் வேகம், அதாவது ஏறத்தாழ 16 ஜூல் ஆற்றல், ஒரு சுடுகைக்கு 0.20 பார்-லிட்டர் செலவு என்று கொள்வோர், நல்லியல்பு வாயுக் கணக்கில் பயன்படுத்தக்கூடிய காற்று 20 பார்-லிட்டர் என்றும் எண்ணிக்கை 100 என்றும் காண்பர். சுத்தியல் வில் தேவைக்கு மேல் இறுக்கப்பட்டிருந்தால் குண்டு குழலை விட்டு நீங்கிய பின்னரும் வால்வு திறந்தே இருக்கும். அப்போது வெளியேறும் காற்று எந்தக் குண்டையும் தள்ளுவதில்லை. உரத்த ஒலியாக மட்டும் வீணாகிறது.

இதைக் கண்டறியும் முறை ஆய்வுக்கூடப் பயிற்சி போன்றது. சீராக்கியை மாற்றாமல், சுத்தியல் வில்லின் இறுக்கத்தைக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் வேகமானியில் வேகத்தை அளந்து வரைபடம் வரைய வேண்டும். வேகம் முதலில் சரசரவென ஏறும். பின்னர் வளைந்து, ஒரு மேட்டுநிலத்தில் தட்டையாகிவிடும். மேட்டுநிலத்தில் எவ்வளவு இறுக்கினாலும் வேகம் கூடாது. செலவு மட்டும் கூடும். அந்த உச்ச வேகத்திலிருந்து மூன்று முதல் ஐந்து விழுக்காடு கீழே, வளைவின் முழங்கால் போன்ற இடத்தில் துப்பாக்கியை நிறுத்துவதே அனுபவமுடையோர் வழக்கம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் மூன்று விழுக்காடு விட்டுக்கொடுத்தால் வேகம் 236 மீட்டராகவும் ஆற்றல் 15 ஜூலாகவும் இறங்கும். செலவு 0.16 பார்-லிட்டராகக் குறைந்தால் எண்ணிக்கை 125 ஆகும். ஒரு ஜூலை விட்டுக்கொடுத்து இருபத்தைந்து சுடுகைகளைப் பெறும் பேரம் இது.

அடுத்த படியில்தான் சிந்தனை தேவைப்படுகிறது. சீராக்கியின் அழுத்தத்தை இறக்கினால் கலத்திலிருந்து பயன்படுத்தக்கூடிய காற்றின் அளவு கூடும். எனவே இறக்க இறக்க நன்மை என்று முடிவு கட்டுவோர் பலர். ஆனால் குறைந்த அழுத்தத்தில் அதே ஆற்றலைப் பெற வால்வு நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். காற்று குழலுக்குள் விரிந்து வேலை செய்யும் வாய்ப்புக் குறையும். ஒரு சுடுகைக்கான செலவு ஏறும். எடுத்துக்காட்டைத் தொடர்ந்தால், 85 பாரில் செலவு 0.165 என்று சிறிதே ஏறி, பயன்படுத்தக்கூடிய காற்று 23 பார்-லிட்டராக உயரும்போது எண்ணிக்கை 139 ஆகிறது. 65 பாருக்கு இறக்கினால் காற்று 27 பார்-லிட்டராகும். ஆனால் செலவு 0.21 என்று ஆகிவிட்டால் எண்ணிக்கை 128-க்குத் திரும்பி வருகிறது. இரண்டு எதிரெதிர்ப் போக்குகளுக்கு நடுவே ஓர் உச்சப்புள்ளி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பது குழலின் நீளம், சிற்றறையின் கொள்ளளவு, காற்று செல்லும் துளையின் விட்டம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒருவருடைய துப்பாக்கியின் அளவை மற்றொருவர் படியெடுத்து வைத்துக்கொள்வதில் பொருளில்லை.

இதுவரை சொன்னது எண்ணிக்கையின் பக்கம். இனிச் சீர்மையின் பக்கம். மேட்டுநிலத்தில் இருக்கும் துப்பாக்கிக்கு ஒரு நற்பண்பு உண்டு. சுத்தியலின் உராய்வு சிறிது மாறினாலும், எண்ணெய் குளிரில் தடித்தாலும், வேகம் அசையாது. சரிவில் இருக்கும் துப்பாக்கிக்கோ அந்தச் சிறு மாற்றங்கள் அனைத்தும் வேக மாற்றங்களாக வெளிப்படும். ஆகவே சரிவில் கீழே இறங்க இறங்க எண்ணிக்கை கூடுகிறது, சீர்மை குறைகிறது. இருநூறு என்று பெருமையடித்த மூன்றாமவர் பெரும்பாலும் இந்தச் சரிவின் அடியில்தான் நிற்கிறார். அவர் எண்ணியவை சுடுகைகள். இலக்கைத் தொட்டவை எத்தனை என்பது வேறு கணக்கு.

சீர்மையின் விலை என்ன என்பதையும் கணக்கிட்டுவிடலாம். பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 172 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆற்றல் 8 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. பத்து மீட்டரைக் கடக்க 0.058 நொடி ஆகிறது. அதற்குள் குண்டு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் ஒரு விழுக்காடு மாறினால் இந்தத் தாழ்வு இரண்டு விழுக்காடு, அதாவது 0.34 மில்லிமீட்டர் மாறும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான். வளையங்களுக்கிடையே 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால், பதின்மக் கணக்கில் பத்தில் ஒரு புள்ளி என்பது 0.25 மில்லிமீட்டர். ஒரு விழுக்காட்டு வேக வேறுபாடு பத்தில் ஒரு புள்ளிக்கு மேல் தின்றுவிடும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது இத்தகைய பத்தில் ஒரு பங்குகளைக் கூட்டிக் கூட்டித்தான். போட்டிக்குத் தேவை 60 சுடுகைகளும் அதற்கு முந்தைய பழகு சுடுகைகளும். அதற்கு மேல் எண்ணிக்கையைத் தேடி சீர்மையை விற்பவர் தம் காசைக் கொடுத்துத் தோல்வியை வாங்குபவர்.

அப்படியானால் எண்ணிக்கை யாருக்கும் தேவையில்லையா? தேவைதான். ஆழ்கடல் மூழ்குவோருக்குரிய பெரிய உருளையும் மின்சார அமுக்கியும் உள்ள பயிற்சிக்கூடத்துக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் ஒரே கைப்பம்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சிறு நகரத்துச் சங்கத்தில், ஒவ்வொரு சுடுகையின் பின்னாலும் யாரோ ஒரு மாணவரின் வியர்வை இருக்கிறது. காற்றை வீணாக்கும் துப்பாக்கி அங்கே பயிற்சி நேரத்தை வீணாக்குகிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளுக்கு அத்தகைய இடங்களிலிருந்து வருவோருக்கு, நன்கு சீரமைத்த துப்பாக்கி என்பது சொகுசு ஆகாது. சமவாய்ப்பின் ஒரு பகுதி. குண்டு குழலை விட்டு நீங்கிய பிறகும் வீணாகும் காற்றைத் தடுப்பது அவர்களுக்கு நேரடியாகப் பயிற்சியாக மாறுகிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை. இந்த நியாயம் இல்லாத இடத்தில் அந்த எண் வெறும் அலங்காரம்.

அடுத்து, அளவீட்டின் நேர்மை. சுத்தியல் வில்லை ஒரு திருகு மாற்றி, ஐந்து குண்டுகள் சுட்டு, வேகத்தின் திட்ட விலக்கம் நொடிக்கு 2 மீட்டரிலிருந்து 1.3 மீட்டராகக் குறைந்துவிட்டது என்று மகிழ்வோர் மிகுதி. ஐந்து அளவீடுகளிலிருந்து பெறும் திட்ட விலக்கத்தின் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி, பெற்ற மதிப்பின் 0.6 மடங்கு முதல் 2.9 மடங்கு வரை விரிந்து கிடக்கிறது. பத்து அளவீடுகளுக்கு அது 0.69 முதல் 1.83 வரை, முப்பது அளவீடுகளுக்கு 0.80 முதல் 1.34 வரை. ஐந்து சுடுகைகளில் கண்ட முன்னேற்றம் பெரும்பாலும் தற்செயலின் முன்னேற்றமே. புள்ளியியல் தேர்வில் இதே கணக்கைச் சரியாகப் போட்டு மதிப்பெண் பெறும் மாணவர், துப்பாக்கியின் முன் நின்றதும் அதை மறந்துவிடுவது கல்வியின் தோல்வி. ஏட்டில் மட்டும் வாழும் அறிவு கைக்கு வந்து சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. வேகமாக நிரப்பும்போது காற்று சூடாகிறது. 40 பாகை செல்சியஸில் 200 பார் காட்டிய கலம், 30 பாகைக்குக் குளிர்ந்ததும் ஏறத்தாழ 194 பார்தான் காட்டும். குளிரவிடாமல் எண்ணத் தொடங்கினால் கணக்கு முதலிலேயே பிழை. நெடுநேரம் ஓய்விலிருந்த துப்பாக்கியின் முதற் குண்டு மற்றவற்றைவிட வேகமாகச் சென்றால், சீராக்கியின் இருக்கை கசிந்து சிற்றறையின் அழுத்தம் மெல்ல ஏறுகிறது என்று பொருள். அது சுத்தியலைத் திருகித் தீர்க்கும் குறையன்று. கலத்தின் அழுத்தம் சீராக்கியின் அளவுக்குக் கீழே இறங்கும்போது வேகம் உடனே சரிந்தால் சுத்தியல் மிகையாக அடிக்கிறது. சற்று நிலைத்து அல்லது சிறிதே ஏறிப் பின்னர் இறங்கினால் சமநிலை கிட்டியிருக்கிறது. துப்பாக்கி தன் நிலையைத் தானே சொல்கிறது. கேட்கும் செவியும் எழுதி வைக்கும் ஏடும் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் இரண்டு எதிர்ப்புகள் எழும். தயாரிப்பாளர் வைத்த அமைப்பை மாற்றவே கூடாது என்பது ஒன்று. அதில் பாதி உண்மை இருக்கிறது. சுத்தியல் வில்லின் இறுக்கத்தை வெளியிலிருந்து மாற்றுவதற்கென்றே திருகு வைத்த துப்பாக்கிகளில், அதைக் கையேட்டின்படி மாற்றுவது உரிமையாளரின் உரிமை. சீராக்கியைக் கழற்றுவது வேறு வகை வேலை. கலத்தின் காற்று முழுவதும் வெளியேற்றப்பட்ட பிறகே, பயிற்சி பெற்றவரின் கையால்தான் அது நடக்க வேண்டும். 200 மில்லிலிட்டர் கலத்தில் 200 பாரில் அடைபட்ட காற்று, வெப்பம் புகாமல் விரிந்தால் ஏறத்தாழ 8,000 ஜூல் வேலை செய்யும். போட்டிக் குண்டின் ஆற்றலோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு. இலக்கை நோக்கும் குண்டைக் கண்டு அஞ்சுவோர் தம் கன்னத்தருகே இருக்கும் கலத்தைக் கண்டு அஞ்சுவதில்லை.

இந்த அச்சமின்மைக்குச் சட்டமும் ஓரளவு இடம் தருகிறது. 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகள் 500 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கலங்களையே உருளை என வரையறுக்கின்றன. மூழ்குவோரின் பெரிய உருளைக்குக் காலமுறைச் சோதனை கட்டாயம். துப்பாக்கியில் பொருத்திய சிறு கலம் அந்த வரையறைக்குள் வருவதில்லை. சர்வதேசப் போட்டி விதிகள் கலத்தின் செல்லுபடிக் காலத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வீரரிடமே விடுகின்றன. ஆக, யாரேனும் வந்து சோதிப்பார் என்பதற்கு உறுதியில்லை. கலத்தின் மேல் பொறித்த நாளும் அழுத்தமும் வைத்திருப்பவரின் மனச்சாட்சியையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கல்லூரிகள் தம் துப்பாக்கிகளின் கலங்களுக்குப் பதிவேடு வைத்து, காலம் கடந்தவற்றை ஒதுக்கிவிடுவதற்கு அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அதே 2016-இல் வந்த ஆயுத விதிகள், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிகளை உரிமம் பெறும் கடமையிலிருந்து விலக்குகின்றன. சீரமைப்பு என்ற பெயரில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போவோர், ஒரு திருகின் தூரத்தில் சட்டத்தின் மறுபக்கம் போய்விடக்கூடும். எண்ணிக்கைக்காகச் செய்யும் சீரமைப்போ எப்போதும் வேகத்தைக் குறைக்கும் திசையிலேயே செல்கிறது. சிக்கனத்தைத் தேடுவோருக்கு இது தற்செயலாகக் கிட்டும் பாதுகாப்பு.

இரண்டாம் எதிர்ப்பு, இது பொழுதுபோக்கு, பல்கலைக்கழகத்தில் இதற்கென்ன இடம் என்பது. ஒரு கலத்திலிருந்து காற்று வெளியேறுவது, உண்மை வாயுவின் இயல்பு, எதிரெதிர்ப் போக்குகளுக்கு இடையே உச்சம் காண்பது, மாதிரியின் அளவு, பிழை எல்லை, உயரழுத்தப் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் ஒரே கருவியில் ஒரு பிற்பகலுக்குள் அடங்கும் வாய்ப்பு அரிது. துப்பாக்கியே வேண்டாம் என்னும் கல்லூரிகள் குழலை நீக்கிவிட்டு, சீராக்கி, வால்வு, சிறு அழுத்தக்கலம் ஆகியவற்றைக் கொண்டே இந்தப் பயிற்சியின் பெரும்பகுதியைக் குறைந்த அழுத்தத்தில் நடத்தலாம். கற்க வேண்டியது ஆயுதத்தை அன்று; கருவிக்கும் எண்ணுக்கும் உள்ள உறவை.

நடைமுறைக்கான முன்மொழிவு சிறியது. சுடுகை எண்ணிக்கையைச் சொல்லும் எவரும் அதனுடன் நான்கு தகவல்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: கலத்தின் கொள்ளளவு, குளிர்ந்த பின் அளந்த தொடக்க அழுத்தமும் முடிவு அழுத்தமும், குண்டின் எடையும் சராசரி வேகமும், ஏற்றுக்கொண்ட வேக வேறுபாடும் அதை அளந்த சுடுகைகளின் எண்ணிக்கையும். இந்த நான்கும் இருந்தால் ஒரு ஜூலுக்கு எவ்வளவு காற்றுச் செலவானது என்பதை எவரும் கணக்கிட்டு, இரு துப்பாக்கிகளை நேர்மையாக ஒப்பிடலாம். கல்லூரிச் சங்கங்கள் இதை ஒரு படிவமாக்கிச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும். பெருமைப் பேச்சு தானாகவே தரவாக மாறிவிடும்.

எண்ணிக்கை நல்லதே, எதை விட்டுக்கொடுத்து அது பெறப்பட்டது என்பதும் உடன் சொல்லப்படும்போது. நன்கு சீரமைத்த துப்பாக்கி என்பது அதிகம் சுடும் துப்பாக்கி என்று வரையறுப்பதைவிட, ஒரு குண்டுக்குத் தேவையான காற்றை மட்டும் கொடுத்து, அடுத்த குண்டுக்கும் அதே அளவைக் கொடுக்கும் துப்பாக்கி என்று வரையறுப்பதே பொருந்தும். அந்த வரையறையை ஏற்போருக்கு 139 என்னும் எண் 200-ஐவிடப் பெரிதாகத் தெரியும்.